டார்க் ரெஞ்ச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போல்ட் முறுக்குகிறவர்களிடம் டார்க் ரெஞ்ச் பற்றிப் பேச்செடுத்தால், சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். நியூட்டன் மீட்டர் என்பதை நி.மீ. என்று சுருக்கியிருக்கிறேன். ஏற்கெனவே ரெஞ்ச் வைத்திருப்பவர்கள் நேராக ஆறாவது கேள்விக்குப் போகலாம். ஆனால் முதல் பதிலின் இரண்டாவது பத்தியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

1. டார்க் ரெஞ்ச்னா என்ன? சாதாரண ஸ்பேனர் செய்யாத எதை அது செய்யுது?

எவ்வளவு முறுக்குவிசை கொடுக்கிறோம் என்று காட்டும், அல்லது நாம் வைத்த அளவு வந்ததும் சொல்லும் ஸ்பேனர். அவ்வளவுதான். கையின் விசையை, போல்ட்டின் மையத்திலிருந்து கை இருக்கும் தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது முறுக்குவிசை. அரை மீட்டர் தள்ளிப் பிடித்து 100 நியூட்டன் விசையில், அதாவது ஏறக்குறைய 10 கிலோ எடைக்குச் சமமாக இழுத்தால், 50 நி.மீ.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் பல பதில்கள் இதன்மேல்தான் நிற்கின்றன. ரெஞ்ச் அளப்பது போல்ட் திரும்ப மறுக்கும் எதிர்ப்பை. நமக்கு வேண்டியதோ, போல்ட் இரண்டு பாகங்களையும் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பது. இரண்டும் ஒன்றல்ல. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியிலுள்ள உராய்விலேயே தீர்ந்துவிடும். இன்னொரு 40 சதவீதம் மரையின் உராய்வுக்குப் போகும். மிச்சமிருக்கும் 10 சதவீதம்தான் பிடிமானமாக மாறுகிறது.

2. இத்தனை வருஷமா கை அளவுலதான் முறுக்குறேன், ஒண்ணும் ஆகலையே?

ஆகாமலும் இருக்கலாம். கவர், பிராக்கெட் மாதிரி இடங்களுக்குப் பழகிய கையே போதும். கை ஏமாறுவது அளவு மாறும்போது. எம்6 போல்ட்டுக்கு (எம்-க்குப் பின்னால் வருவது மி.மீ.யில் விட்டம்) பெரும்பாலும் 10 நி.மீ. போதும், 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் 5 கிலோ அளவுக்கு இழுத்தாலே அது வந்துவிடும். நம் கை அங்கே நிற்காது, இன்னும் கொஞ்சம் என்று போகும். பெரிய போல்ட்டில் இதற்கு நேர்மாறாக, வேர்த்துவிட்டதே என்று சீக்கிரம் நிறுத்திவிடுவோம்.

முறுக்கும்போது போல்ட் மிக மெல்லிய அளவு நீளுகிறது, ஒரு விறைப்பான ஸ்பிரிங் போல. அந்த நீட்சி குறைந்தால் அதிர்வில் கழன்றுவிடும், அல்லது ஏறி இறங்கும் சுமையில் களைத்து முறியும். கூடினால் மரை போகும், அல்லது போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும். எஞ்சின் ஹெட், கனெக்டிங் ராட், பேரிங் கேப், பிரேக் காலிப்பர், சக்கர நட், அலுமினியத்துக்குள் போகும் ஸ்பார்க் பிளக், ஆயில் டிரெயின் பிளக்: இந்த இடங்களில் கை அளவை நம்பாதீர்கள்.

3. கிளிக், முள், டிஜிட்டல்னு இருக்கே. எதை வாங்கறது?

முதல் ரெஞ்ச் என்றால் கிளிக் வகை. அளவை வைத்துவிட்டால் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அளவு வந்ததும் டக் என்று சத்தமும் கையில் ஓர் உதறலும் வரும். எஞ்சின் அடியில் தலைகீழாகக் கை விட்டு வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் வசதி.

முள் வகை, அதாவது ஒரு கம்பி வளைய இன்னொரு முள் அளவுப்பலகையைக் காட்டுவது, இப்போது பலர் கண்ணில் படுவதே இல்லை. எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு. உள்ளே கெட்டுப்போக எதுவுமே கிடையாது. சும்மா வைத்திருக்கும்போது முள் பூஜ்ஜியத்தில் நின்றால் சரி. நிற்காவிட்டால் அது தெரிந்துவிடும். நேராக மேலிருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் தொல்லை. சாய்ந்து பார்த்தால் தப்பாகப் படிப்போம்.

டிஜிட்டல் வகையில் யூனிட் மாற்றலாம், சிலவற்றில் கோணமும் அளக்கலாம் (கேள்வி 15). எஞ்சின் பிரித்து மாட்டுவதே தொழில் என்றால் பயன்படும். மற்றவர்களுக்கு, பேட்டரி தீர்ந்துபோன டிஜிட்டலை விட வேலை செய்யும் கிளிக் மேல்.

4. ஒரே ரெஞ்ச் எல்லா வேலைக்கும் போதாதா?

போதாது. 10 முதல் 200 வரை என்று எழுதியிருந்தாலும் அடி மட்டத்தில் அதை நம்ப முடியாது. சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6789, ரெஞ்சின் துல்லியத்தை அதன் உச்ச அளவில் 20 சதவீதத்திலிருந்து மேல்நோக்கித்தான் சோதிக்கச் சொல்கிறது. 200 நி.மீ. ரெஞ்ச் என்றால் 40-க்குக் கீழே அதை எடுக்க வேண்டாம். அதோடு பெரிய ரெஞ்ச் 10, 15 நி.மீ.யில் தரும் கிளிக் அவ்வளவு மெல்லியது, கைக்குத் தெரியாமலேயே தாண்டிவிடுவீர்கள். சின்ன போல்ட்டுகள் உடைவது பெரும்பாலும் இப்படித்தான்.

உங்கள் வேலையில் அடிக்கடி வரும் அளவு, ரெஞ்சின் எல்லைக்கு நடுவாக்கில் விழ வேண்டும். இருசக்கர வாகனம் என்றால் கால் அங்குலச் சதுர முனையோடு (சாக்கெட் மாட்டும் முனை) 5–25, அதற்கு மேல் எட்டில் மூன்று அங்குல முனையோடு 20–100 என்று இரண்டு இருந்தால் ஏறக்குறைய எல்லாம் முடியும். கார் சக்கரத்துக்கு அரை அங்குல முனை, 40–200. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சிறியதை முதலில் வாங்குங்கள். கை அதிகம் கெடுப்பது சின்ன போல்ட்டுகளைத்தான்.

5. மேனுவல்ல நியூட்டன் மீட்டர், என் ரெஞ்ச்ல அடி-பவுண்டு. எப்படி மாத்தறது?

1 அடி-பவுண்டு என்பது 1.356 நி.மீ. ஒரு கிலோகிராம்-மீட்டர் 9.81 நி.மீ.; பழைய மேனுவல்களில் இதுதான் இருக்கும், அவசரத்துக்குப் பத்தால் பெருக்கினால் போதும். அங்குல-பவுண்டு வேறு, அடி-பவுண்டு வேறு: 12 அங்குல-பவுண்டு சேர்ந்தது 1 அடி-பவுண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் பன்னிரண்டு மடங்கு முறுக்குவீர்கள். போல்ட் அங்கேயே முறியும்.

6. அளவை எப்படி செட் பண்றது? ரெண்டு இடத்துல எண் இருக்கே.

தண்டில் இருப்பது பெரிய எண், சுழலும் கைப்பிடியில் இருப்பது சின்ன எண். இரண்டையும் கூட்ட வேண்டும். 46 வேண்டுமென்றால் கைப்பிடியின் விளிம்பு தண்டில் 40 கோட்டுக்கு வந்து, கைப்பிடியின் பூஜ்ஜியம் நடுக்கோட்டில் நிற்கட்டும். பிறகு கைப்பிடியில் 6 வரும்வரை திருப்புங்கள். கீழிருந்து மேலே ஏறி அளவை அடைவது நல்லது. பூட்டை மறக்காதீர்கள். பூட்டாமல் முறுக்கினால் பாதி வேலையில் அளவு நகர்ந்துவிடும்.

7. கிளிக் வந்ததும் நிச்சயத்துக்கு இன்னொரு தடவை கிளிக் பண்ணலாமா?

வேண்டாம். முதல் கிளிக்கோடு வேலை முடிந்தது. எல்லாரும் டக்டக் என்று இரண்டு தடவை அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் போல்ட் கொஞ்சம் நகரத்தான் செய்யும். ரெஞ்ச் பொதுவாக அந்த இடத்தில் தானே நின்றுவிடாது. சத்தம் மட்டும்தான் கொடுக்கும். நிறுத்த வேண்டியது நீங்கள்.

எப்படி இழுக்கிறீர்கள் என்பதும் கணக்கில் சேரும். கைப்பிடியின் நடுவில் பிடித்து, ஒரே சீராக, மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் அளவைத் தாண்டிய பிறகுதான் கிளிக் காதில் விழும்.

8. முறுக்கிக்கிட்டே போறேன், கிளிக்கே வரலை. என்ன பண்றது?

முதலில் நிறுத்துங்கள். அளவு சரியாக வைத்திருக்கிறதா, யூனிட் சரியா, சுழலும் திசை சரியா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும், திருப்பத் திருப்ப இறுக்கம் கூடாமல் போல்ட் வழுக்கிக்கொண்டே வந்தால் மரை போய்க்கொண்டிருக்கிறது, அல்லது போல்ட் நீண்டுகொண்டிருக்கிறது. கழற்றிப் பாருங்கள். இடுப்பு மெலிந்தாற்போல் இருந்தால் அந்தப் போல்ட்டைத் தூக்கிப் போடுங்கள்.

9. மரைக்கு எண்ணெய் தடவி முறுக்கலாமா, காய்ஞ்சபடியே முறுக்கணுமா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். மேனுவல் எதைச் சொல்கிறதோ அதை மட்டும் செய்யுங்கள். ஏன் என்று முதல் பதிலிலிருந்தே புரியும். முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வு தின்கிறது. அந்த உராய்வை எண்ணெய் குறைத்தால், மிச்சம் முழுவதும் போல்ட்டை நீட்டப் போகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிடிமான விசை என்பது முறுக்குவிசையை, போல்ட்டின் விட்டத்தாலும் உராய்வைக் குறிக்கும் ஓர் எண்ணாலும் வகுத்தால் வருவது. காய்ந்த சாதாரண எஃகு மரைக்கு அந்த எண் சுமார் 0.2. எம்10 போல்ட்டை 50 நி.மீ. முறுக்கினால் 25,000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய இரண்டரை டன். எண்ணெய் தடவி அந்த எண் 0.15 ஆனால், அதே கிளிக்கில் 33,000. 8.8 தரப் போல்ட் (தர எண் பற்றி அடுத்த கேள்வியில்) தாங்கும் எல்லையே அதற்குக் கொஞ்சம் மேல்தான். வழுவழுப்பான மாலிப்டினம் கிரீஸ் தடவி 0.12-க்கு இறங்கினால் 41,000-ஐத் தாண்டி, போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும். ரெஞ்ச் மூன்று தடவையும் ஒரே 50-ஐத்தான் காட்டியது.

மேனுவல் ஒன்றும் சொல்லாவிட்டால் பொதுவாகச் சுத்தமான, காய்ந்த மரை என்று எடுத்துக்கொள்ளலாம். துரு, பழைய மரைப்பூட்டுப் பசை, மண் எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். இவை எண்ணெய்க்கு எதிர்ப்பக்கம் ஏமாற்றும், கிளிக் வரும், பிடிமானம் இருக்காது. அடிப்பக்கம் மூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் கட்டாயம் வெளியே எடுக்க வேண்டும். போல்ட் உள்ளே இறங்கும்போது திரவம் ஒதுங்க இடமில்லாமல் வார்ப்பையே பிளந்துவிடும்.

10. என் வண்டிக்கு மேனுவல் கிடைக்கலை. பொது அட்டவணையைப் பார்த்து முறுக்கலாமா?

எஃகு போல்ட், எஃகு நட், சாதாரண மரை என்றால் ஓரளவுக்கு. 8.8 தரத்துக்குக் காய்ந்த நிலையில் எம்6 சுமார் 10, எம்8 சுமார் 25, எம்10 சுமார் 50, எம்12 சுமார் 85 நி.மீ. தர எண் போல்ட் தலையில் பொறித்திருக்கும். 8.8 என்றால் 800 மெகாபாஸ்கலில் அறும், அதில் 80 சதவீதமான 640-இல் நிரந்தரமாக நீளத் தொடங்கும்.

ஆனால் அட்டவணை போல்ட்டை மட்டும்தான் பார்க்கிறது. அது அலுமினியத்திலோ பிளாஸ்டிக்கிலோ இறங்குகிறதா, நடுவில் ரப்பர் கேஸ்கெட் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அந்த மாதிரி இடங்களில் எண் வெகுவாகக் குறையும். டிரெயின் பிளக் எம்14 ஆக இருக்கிறதே என்று அட்டவணையில் எம்14-ஐத் தேடி முறுக்கினால், ஆயில் சம்ப்பை மாற்ற வேண்டியிருக்கும். ஹெட், பிரேக், ஸ்டீயரிங் போல்ட்டுகளுக்கு அட்டவணை உதவாது. அந்த வண்டிக்கான எண்ணைத் தேடிப் பிடியுங்கள்.

11. எந்த போல்ட்டை முதல்ல முறுக்கணும்?

எல்லாவற்றையும் முதலில் கையால் உட்கார வையுங்கள். கையால் நாலைந்து சுற்றுப் போகாத போல்ட்டை ரெஞ்ச் கொண்டு உள்ளே தள்ளாதீர்கள். மரை கோணலாக ஏறியிருக்கும். பிறகு இரண்டு மூன்று கட்டமாகப் போங்கள்: முழு அளவில் மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு, முழுசு. சக்கரத்தில் எதிரெதிராக. எஞ்சின் ஹெட்டில் நடுவிலிருந்து சுழன்று வெளியே, மேனுவலில் வரிசை எண் போட்டிருந்தால் அதன்படி. ஓரத்திலிருந்து தொடங்கினால் கேஸ்கெட் நடுவில் புடைத்து நிற்கும்.

12. எக்ஸ்டென்ஷன் பார் போட்டா அளவு மாறிடுமா?

சாக்கெட்டுக்கும் ரெஞ்சுக்கும் நடுவில் நேராக நிற்கும் பார் அளவை மாற்றாது. பார் சாயாமல் இன்னொரு கையால் தலையைத் தாங்கிக்கொள்ளுங்கள், போதும். யூனிவர்சல் ஜாயின்ட் போட்டு வளைத்தால் மாறும், தவிர்க்கப் பாருங்கள்.

ரெஞ்சின் நீளத்தையே கூட்டும் இணைப்பு, அதாவது பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் காக்கைக்கால் ஸ்பேனர், வேறு கதை. அதை ரெஞ்சுக்குச் செங்குத்தாக, 90 டிகிரியில் மாட்டினால் அளவில் மாற்றம் இல்லை. நேர்கோட்டில் மாட்டினால் கணக்கு உண்டு. வேண்டிய அளவை ரெஞ்சின் நீளத்தால் பெருக்கி, இரண்டும் சேர்ந்த நீளத்தால் வகுக்க வேண்டும். ரெஞ்ச் 400 மி.மீ. (சதுர முனையின் மையத்திலிருந்து கைப்பிடியின் நடுவரை), இணைப்பு 50 மி.மீ., வேண்டியது 90 நி.மீ. என்றால் 90 × 400 ÷ 450 = 80. ரெஞ்சில் 80 வையுங்கள்.

13. பலம் போதலை. கைப்பிடியில பைப்பை மாட்டி இழுக்கலாமா?

கூடாது. கை பிடிக்கும் இடம் மாறினால் கிளிக் வரும் அளவும் கொஞ்சம் மாறும், ரெஞ்சும் கெடும். பலம் போதாவிட்டால் நீளமான ரெஞ்ச் வேண்டும் என்று அர்த்தம்.

14. ஏற்கெனவே முறுக்கின போல்ட் சரியான அளவுல இருக்கான்னு ரெஞ்ச் வெச்சுப் பார்க்கலாமா? அப்படியே கழட்டவும் செய்யலாமா?

முதல் பாதிக்குப் பதில்: நேரடியாக முடியாது. நின்றுபோன போல்ட்டை மறுபடி நகர்த்த, ஓடிக்கொண்டிருக்கும் போல்ட்டை விட அதிக முறுக்கு வேண்டும். 50 வைத்துப் பார்த்து நகராமலே கிளிக் வந்தால், 50-க்குக் குறையாது என்று மனம் சமாதானமாகும், ஆனால் அது 42-ஆகக் கூட இருக்கலாம். உறுதியாகத் தெரிய, போல்ட் தலையிலும் பக்கத்து உலோகத்திலும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். கொஞ்சம் தளர்த்தி, மறுபடி அளவுக்கு முறுக்குங்கள். கோடுகள் நேராக வந்து சேர்ந்தால் முன்பும் சரியாகத்தான் இருந்தது.

கழற்ற வேண்டாம். துருப்பிடித்த போல்ட் முறுக்கிய அளவைப் போல இரண்டு மடங்குகூடக் கேட்கும், அந்த அதிர்ச்சி ரெஞ்சின் எல்லையைத் தாண்டிவிடும். அதற்கு நீளக் கைப்பிடி இருக்கிறது. இன்னொன்று: ராட்செட் இரண்டு பக்கமும் திரும்பினாலும், பல கிளிக் ரெஞ்சுகள் வலப்பக்கம் மட்டும்தான் அளக்கும். இடது மரை போல்ட் முறுக்கும் முன் தலையிலுள்ள அம்புக்குறியைப் பாருங்கள்.

15. மேனுவல்ல "40 நி.மீ., அப்புறம் 90 டிகிரி"ன்னு போட்டிருக்கு. எதுக்கு இந்தச் சுத்து வழி?

ஒன்பதாவது கேள்வியில் சொன்ன உராய்வுக் குழப்பத்திலிருந்து தப்பிக்கத்தான். முதல் 40 நி.மீ. பாகங்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. அதற்குப் பிறகு போல்ட் எத்தனை டிகிரி திரும்புகிறதோ, மரையின் இடைவெளிப்படி அவ்வளவு நீளவோ நசுக்கவோ செய்தாக வேண்டும். உராய்வு கூடினாலும் குறைந்தாலும் 90 டிகிரி 90 டிகிரிதான். கோணமானி இல்லையென்றால் போல்ட் தலையில் பெயின்ட் புள்ளி வைத்துக் கால் சுற்றுத் திருப்பலாம்.

இப்படி முறுக்கும் போல்ட்டுகள் பலவற்றை, வேண்டுமென்றே நிரந்தர நீட்சி தொடங்கும் இடம்வரை கொண்டுபோவார்கள். அவை ஒரு தடவைக்குத்தான். மேனுவல் புதிது போடச் சொன்னால் பழையது பார்க்க நன்றாக இருக்கிறதே என்று திரும்ப மாட்டாதீர்கள்.

16. நைலான் வளையம் உள்ள நட்டுக்கும் அதே அளவா?

நட் பாகத்தைத் தொடும் முன்பே நைலான் ஓர் எதிர்ப்பைத் தரும். சும்மா ஓடும்போது 4 நி.மீ. கேட்கிறது, உங்கள் அளவு 25 என்றால், 29 வையுங்கள். மேனுவல் அந்த நட்டுக்கென்றே எண் கொடுத்திருந்தால் இந்தக் கூட்டல் வேண்டாம்.

17. வேலை முடிஞ்சதும் பூஜ்ஜியத்துக்கு இறக்கி வைக்கணுமா?

கிளிக் வகையில் உள்ளே ஒரு ஸ்பிரிங் அழுந்தியிருக்கிறது. மாதக்கணக்கில் அப்படியே விட்டால் அது தளரும். அதனால் அளவுப்பலகையின் மிகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வையுங்கள். அதற்கும் கீழே அவிழ்க்காதீர்கள், உள்ளேயிருக்கும் பாகங்கள் இடம் மாறும். முள் வகைக்கு இது தேவையில்லை. மண்ணெண்ணெயில் ஊற வைத்துக் கழுவாதீர்கள், உள்ளே போட்ட கிரீஸ் கரைந்துவிடும். துணியால் துடைத்தால் போதும்.

18. ரெஞ்ச் சரியா காட்டுதான்னு எப்படித் தெரியும்? கீழே வேற விழுந்திடுச்சு.

ஐஎஸ்ஓ 6789 தரம், 10 நி.மீ.க்கு மேல் எட்டும் கிளிக் ரெஞ்சுக்கு 4 சதவீதமும், அதற்குக் குறைந்ததற்கு 6 சதவீதமும் கூடக்குறையப் பிழையை அனுமதிக்கிறது. வேறு கணக்கு வைத்திருக்காவிட்டால் 12 மாதம் அல்லது 5,000 முறுக்குக்கு ஒரு தடவை காலிப்ரேஷன், அதாவது அளவு சரிபார்ப்பு, செய்ய வேண்டும். நன்றாக விழுந்த ரெஞ்சை அதற்கு முன்பே சோதித்துவிடுவது நல்லது.

தோராயமாக நீங்களே பார்க்கலாம். சதுர முனையை வைஸில் பிடித்து, ரெஞ்சைக் கிடைமட்டமாக நிறுத்துங்கள். கைப்பிடியின் நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, கிளிக் வரும்வரை மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். வாளியை நிறுத்துக் கிலோவை 9.81-ஆல் பெருக்கி, மையத்திலிருந்துள்ள தூரத்தை மீட்டரில் எடுத்து அதோடு பெருக்குங்கள். அரை மீட்டரில் 10 கிலோ என்றால் 49 நி.மீ. ரெஞ்சின் சொந்த எடையையும் சேர்க்க மறக்காதீர்கள். 1 கிலோ ரெஞ்ச், அதன் எடைமையம் 20 சென்டிமீட்டரில் இருந்தால் ஏறக்குறைய 2 நி.மீ. அதுவே கூட்டும். 49-இல் அது 4 சதவீதம், தரம் அனுமதிக்கும் மொத்தப் பிழையும் அவ்வளவுதான். இதை வைத்து ரெஞ்சைத் திருத்தப் போகாதீர்கள், பெரிய கோளாறு இருக்கிறதா என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

19. எல்லாம் சரியாத்தான் முறுக்கினேன். அப்படியும் லூஸ் ஆகுதே?

ரெஞ்சைச் சந்தேகிக்கும் முன் போல்ட் தலைக்கு அடியில் பாருங்கள். பெயின்ட், துரு, கேஸ்கெட் துணுக்கு எது மாட்டியிருந்தாலும், ஓட்டத்தில் அது நசுங்கி மெலியும். போல்ட்டின் நீட்சி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடங்கள் நிறைய. ஒரு மெல்லிய பெயின்ட் படலம் நசுங்கினாலே பிடிமானத்தில் பெரும்பகுதி போய்விடும். குட்டையான போல்ட்டுகள் நீளமானவற்றை விடச் சீக்கிரம் தளர்வதும் இதனால்தான். புது அலாய் சக்கரம் மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி டார்க் பார்க்கச் சொல்வதும் இதற்குத்தான்.

தொடும் முகங்களைச் சுத்தம் செய்து, வளைந்த வாஷரை மாற்றி, ஒரு தடவை மறுபடி முறுக்குங்கள். அதற்குப் பிறகும் தளர்ந்தால் மரையைச் சோதியுங்கள், போல்ட்டின் நீளத்தைப் புதிய ஒன்றோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லூஸ் ஆகிறதே என்று 50-ஐ 60 ஆக்குவது மட்டும் வேண்டாம்.